போஸ்ச்சர் சரி பண்ண ஆன்லைன் எக்சர்சைஸ்: ஃப்ரீ வீடியோவா, ஆப்பா, ஜூம் பேட்ச்சா, தனியா ஃபிசியோவா?

எனக்கு கூன் விழ ஆரம்பிச்சிருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது டாக்டர் இல்ல, மதுரைல எங்க தெரு டெய்லர். சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு சட்டை தைக்கக் குடுக்கப் போனேன், டேப்பை முன்னாடி ஒருதடவ பின்னாடி ஒருதடவ வச்சுப் பாத்துட்டு "தம்பிக்கு கம்ப்யூட்டர் வேலையா"ன்னு கேட்டாரு. ஆமாண்ணே எப்படித் தெரியும்னேன். முதுகு வளைஞ்சவங்களுக்கு பின்பக்கம் நீளத்தக் கூட்டி முன்பக்கம் குறைச்சு வெட்டணுமாம், இல்லன்னா பின்னாடி தூக்கிட்டு நிக்கும் முன்னாடி தொங்கும். பில் புக்குல என் பேருக்குப் பக்கத்துல "மு.வ"ன்னு எழுதிட்டாரு. முதுகு வளைவாம். எனக்கு அப்ப வயசு 25.

அம்மா பத்து வருஷமா "நிமிந்து உக்காருடா"ன்னு கத்துனப்ப உறைக்கல, அந்த ரெண்டு எழுத்து உறைச்சிருச்சு. அதுக்கப்புறம் ஏழெட்டு மாசத்துல ஆன்லைன்ல என்னென்ன வழி இருக்கோ கிட்டத்தட்ட எல்லாத்துலயும் கால வச்சுப் பாத்துட்டேன், கொஞ்சம் காசும் போச்சு. இப்ப சித்தி பொண்ணு, கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கா, ஃபைனல் இயர், அதே கழுத்து வலியோட "அண்ணா எதுல சேரட்டும்"னு கேக்குறா. வாய்ஸ் நோட் அனுப்புனா பாதியில நிறுத்திருவா, அதான் உக்காந்து டைப் பண்றேன், மத்தவங்களுக்கும் ஆகட்டும்.

எதுல சேர்றதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வீட்லயே மூணு விஷயம் பாத்துக்கோங்க, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. ஒண்ணு, யாரையாவது விட்டு பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, போஸ் குடுக்காம, நாலஞ்சு தடவ கைய ஆட்டிட்டு சாதாரணமா நிக்கும்போது. காது ஓட்டை தோள்பட்டைக்கு நேர் மேல வருதா இல்ல முன்னாடி துருத்திட்டு நிக்குதான்னு தெரியும், இந்த போட்டோவ அழிக்காதீங்க பின்னாடி வேணும். ரெண்டாவது, தரைல மல்லாந்து படுங்க. படுத்த உடனே முதுகு தரைல படிஞ்சு தலையும் தலையணை இல்லாம கீழ போய் உக்காந்துச்சுன்னா பெரும்பாலும் அது பழக்கத்துல வந்த வளைவு, எக்சர்சைஸ்க்கு கேக்கும். படுத்தும் வளைவு அப்படியே விறைப்பா இருந்தா அது எலும்புலயே இருக்குற வளைவா இருக்கலாம், ஷூயர்மேன்னு ஒண்ணு டீன் ஏஜ்லயே வர்றது இருக்கு, முதுகெலும்புக் கட்டைங்களே ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தேஞ்ச ஷேப்ல வளந்திருக்கும், அதுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும், எந்த வீடியோவும் உதவாது. மூணாவது, குனிஞ்சு கால் விரலத் தொடப் போங்க, பின்னாடி நிக்கிறவங்க பாக்கட்டும், ஒரு பக்க விலா மட்டும் மேடா தூக்கிட்டுத் தெரிஞ்சா ஸ்கோலியோசிஸ்ஸா இருக்கலாம். எக்ஸ்ரேல பக்கவாட்டு வளைவு 10 டிகிரியோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் அந்தப் பேரையே சொல்லுவாங்க. அதுக்கு ஆளுக்கேத்த மாதிரி தனி எக்சர்சைஸ் இருக்கு, ஜெர்மனில கேத்தரினா ஷ்ராத்னு ஒரு அம்மா நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச முறை அதுல ஒண்ணு, பொது பேட்ச்ல போய் உக்காந்தா வேலைக்கு ஆகாது.

இதுல எதுவும் இல்லன்னா நீங்க என் கட்சி. மார்புப் பக்கம் இறுக்கம், தோளுக்கு மேல கழுத்தோட சேர்ற எடத்துல இறுக்கம், கழுத்துக்கு முன்பக்கம் ஆழத்துல இருக்குற சின்னத் தசையும் தோள்பட்டை எலும்புக்குக் கீழ இருக்குற தசையும் சோர்ந்து போச்சு. செக் நாட்டு டாக்டர் விளாடிமிர் யாண்டா இதுக்கு அப்பர் க்ராஸ்டு சிண்ட்ரோம்னு பேரு வச்சாரு. க்ராஸ்னா இறுக்கமும் சோர்வும் குறுக்க குறுக்க பெருக்கல் குறி மாதிரி வரும்.

ஒரு விஷயத்துல மட்டும் பயந்துராதீங்க. போன் பாக்குறப்ப கழுத்துல 27 கிலோ பாரம்னு ஒரு படம் எல்லா விளம்பரத்துலயும் வரும். நியூயார்க் ஸ்பைன் சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ல போட்ட கணக்கு அது, 60 டிகிரி குனிஞ்சா அவ்ளோன்னு. கணக்குதான், கம்ப்யூட்டர் மாடல் வச்சு எடுத்தது, யார் கழுத்துலயும் தராசு மாட்டி நிறுக்கல. அந்தப் படத்தக் காட்டிட்டு அடுத்த ஸ்லைடுல 4999 ரூபா ப்ரோக்ராம் விக்கிறவன்கிட்ட உஷாரா இருங்க. கூன் இருக்குற எல்லாருக்கும் வலிக்கிறதும் இல்ல, வலிக்கிற எல்லாருக்கும் கூன் இருக்கறதும் இல்ல.

சரி மேட்டருக்கு வரேன். எந்த ப்ளாட்ஃபார்ம்ல போனாலும் எக்சர்சைஸ் என்னமோ அதே ஏழெட்டுதான். நாடிய உள்ள இழுக்குற சின் டக், செவுத்துல சாஞ்சு கைய மேலயும் கீழயும் ஓட்டுற வால் ஏஞ்சல், கதவு நிலைல கைய வச்சு நெஞ்ச விரிக்கிறது, ரப்பர் பட்டை (ரெசிஸ்டன்ஸ் பேண்டு) இழுக்குறது, கவுந்து படுத்து கைய தூக்குறது, பூனை மாடுன்னு சொல்ற மார்ஜாரி, நாலு கால்ல நின்னு எதிர் கை எதிர் கால் நீட்டுறது. ஃப்ரீ வீடியோலயும் இதான், நாலாயிரம் ரூபா ப்ரோக்ராம்லயும் இதான். அப்ப காசு எதுக்குக் குடுக்குறோம்? ஒருத்தர் நம்மளப் பாக்குறதுக்கு, அப்பறம் நம்ம மட்டம் போட்டா ஏன் வரலன்னு கேக்குறதுக்கு. இந்த ரெண்டுல உங்களுக்கு எது இல்லையோ அதுக்கு மட்டும் காசு குடுங்கன்றதுதான் என் கட்சி. இதப் புரிஞ்சுக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

முதல்ல யூட்யூப். எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்போம், தப்பில்ல. பத்து நிமிஷ வீடியோ, தினம் ஒரு தடவ, தலைப்புல மட்டும் "7 நாளில் கூன் காணாமல் போகும்"னு இருக்கும் அத கண்டுக்காதீங்க. எனக்கு என்ன பிரச்சனைன்னா போன தரைல செவுத்துல சாச்சு வச்சுட்டு நான் நின்னுட்டு பண்ணேன். கழுத்த நேராக்குற எக்சர்சைஸ்ஸ, கழுத்தக் குனிஞ்சு போனப் பாத்துக்கிட்டே, ஒரு மாசம் பண்ணிருக்கேன்! யாராவது பாத்திருந்தா சிரிச்சிருப்பாங்க, அங்கதான் யாரும் இல்லையே. மூணாவது வாரம் வீடியோவ ஒன்றரை ஸ்பீடுல வச்சு முடிச்சேன், நாலாவது வாரம் சாப்பிட்டுக்கிட்டே சும்மா பாத்தேன். ஆனா ஒண்ணு, எப்படி செய்யணும்னு ஒருதடவ உடம்புக்குத் தெரிஞ்சிட்டா அதுக்கப்புறம் ஃப்ரீ வீடியோ மாதிரி நல்லது எதுவும் இல்ல. இப்பவும் நான் அதான் போட்டுக்குறேன், டிவில, கண்ணுக்கு நேரா.

ஆப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல. கேமரா வழியா உடம்புல புள்ளி புள்ளியா வச்சு கை எவ்ளோ தூக்குறோம், முட்டி எவ்ளோ மடக்குறோம்னு எண்ணுது, ஸ்குவாட்டுக்கு நல்லாவே வேலை செய்யுது. சின் டக்ல தலை நகர்றது ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான், நான் யூஸ் பண்ண ஆப் அத ஒருதடவகூட கரெக்டா புடிக்கல, நான் சும்மா தலைய ஆட்டுனதுக்கு "சூப்பர்"னு பச்சை விளக்கு காட்டுச்சு. ஏழு நாள் ட்ரையல்னு போட்டுட்டு எட்டாவது நாள் ஆட்டோபேல ஒரு வருஷக் காசையும் எடுத்துட்டானுங்க, திருப்பி வாங்க நான் பட்ட பாடு தனிக்கதை. ரிமைண்டர் மட்டும் வேணும்னா போன்லயே அலாரம் இருக்கு.

அடுத்து காலைல 6 மணி ஜூம் பேட்ச். மாசம் 1200 ரூபா, வாரம் அஞ்சு நாள், யோகாவும் போஸ்ச்சர் எக்சர்சைஸும் கலந்து. எனக்கு இதுல நிஜமாவே புடிச்சது எந்திரிச்சதுதான். மாஸ்டர் அட்டெண்டன்ஸ் எடுப்பாரு, ரெண்டு நாள் போகலன்னா வாட்ஸ்அப்ல "என்ன சார் உடம்பு சரியில்லையா"ன்னு மெசேஜ் வரும், அந்தக் கூச்சத்துக்காகவே மூணு மாசம் போனேன். புஜங்காசனம், சலபாசனம் ரெண்டும் முதுகுக்கு நல்ல வேலை குடுக்கும், அதுவும் சலபாசனத்துல கவுந்து படுத்து நெஞ்சையும் காலையும் தூக்கி நிறுத்துறது சும்மா இழுக்குற வேலை இல்ல, பலம் ஏத்துற வேலை. வளையறது மட்டும் போதாது, புடிச்சு நிக்கிற பலமும் வேணும்ல.

ஆனா பாக்குற கண்ணு? ஸ்க்ரீன்ல 23 கட்டம். ஒவ்வொருத்தரும் தீப்பெட்டி சைஸ்ல, பாதிப் பேரு கேமரா ஆஃப், மிச்சப் பேருக்கு தலை மட்டும் தெரியும் இல்ல ஃபேன் மட்டும் தெரியும். மாஸ்டர் நல்ல மனுஷன்தான், அவரு என்ன பண்ணுவாரு, "எல்லாரும் நல்லா பண்றீங்க, அப்படியே ஹோல்ட்"னு சொல்லிட்டுப் போவாரு. நான் ஒரு வாரம் மெத்தை மேலயே படுத்துக்கிட்டு பண்ணேன், யாருக்கும் தெரியல. அவரு நம்மளப் பாத்து நின்னு வலதுன்னு சொல்லி தூக்குற கை ஸ்க்ரீன்ல நமக்கு இடப்பக்கம் தெரியும், சிலர் கேட்டுத் தூக்குவாங்க சிலர் பாத்துத் தூக்குவாங்க, பாதி க்ளாஸ் எதிர் எதிரா கை தூக்கி நிக்கிறதப் பாக்க தெருக்கூத்து மாதிரி இருக்கும். மூணு மாசம் முடிஞ்சு அந்த பழைய போட்டோவ எடுத்து புதுசு ஒண்ணோட பக்கத்துல வச்சுப் பாத்தேன். மூச்சு நல்லாச்சு, குனிஞ்சா கால் விரல் எட்டுது, தூக்கம் நல்லா வருது, கழுத்து மட்டும் போன எடத்துலயே நிக்குது.

அப்புறம்தான் ஆபீஸ்ல ஒரு அக்கா சொல்லி தனியா வீடியோ கால்ல ஒரு ஃபிசியோ மேடத்தப் புடிச்சேன். முதல் செஷன் 45 நிமிஷம், 600 ரூபா. அவங்க சொன்ன முதல் வார்த்தை எக்சர்சைஸ் பத்தியே இல்ல, "போன தூக்கி ஸ்டூல் மேல வைங்க, உங்க இடுப்பு உயரத்துக்கு, நீங்க பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க". அவ்ளோதான், அது வரைக்கும் ஆறு மாசமா யாரும் என்ன சைடுல பாத்ததே இல்ல, டெய்லரத் தவிர. அப்புறம் சின் டக் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன், மேடம் ஒரு நிமிஷம் பேசவே இல்ல. "சார் நீங்க தலைய உள்ள இழுக்கல, குனியுறீங்க"ன்னாங்க. கைத்துண்ட நாலா மடிச்சு பின்மண்டைக்கும் செவுத்துக்கும் நடுவுல வச்சு, நாடிய தாழ்த்தாம, கண்ணு நேரா பாத்துக்கிட்டு, அந்தத் துண்ட மெதுவா செவுத்தோட அமுக்கச் சொன்னாங்க. அஞ்சு செகண்ட் புடிச்சு விடணும். பத்து தடவ பண்றதுக்குள்ள கழுத்துக்கு முன்பக்கம் நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அந்த எடத்துல தசைன்னு ஒண்ணு இருக்கறதே அன்னைக்குத்தான் தெரியும்.

வால் ஏஞ்சலும் அதே கதைதான். கை மேல போறப்ப இடுப்பு செவுத்த விட்டு வில்லு மாதிரி வளைஞ்சு வந்துருது, அதாவது மேல்முதுகு வளைய வேண்டியதுக்கு பதிலா கீழ்முதுகு வளைஞ்சு ஏமாத்துது. "ஒரு கைய இடுப்புக்குப் பின்னாடி விட்டுப் பாருங்க, உள்ளங்கை நுழையுற அளவு இருந்தா போதும், முஷ்டியே நுழையுதுன்னா தப்பு"ன்னாங்க. எனக்கு முஷ்டி நுழைஞ்சுச்சு. அந்த எக்சர்சைஸ்ஸையே அப்ப நிறுத்திட்டு, டர்க்கி டவல சுருட்டி தோள்பட்டைக்குக் கீழ குறுக்க வச்சு மல்லாந்து படுக்கச் சொன்னாங்க, ரெண்டு வாரம் அதான். மொத்தமே மூணு எக்சர்சைஸ், 12 நிமிஷம், அடுத்த செஷன் ரெண்டு வாரம் கழிச்சு. நடுவுல சைடுல இருந்து எடுத்த வீடியோவ வாட்ஸ்அப்ல அனுப்புனா வாய்ஸ் நோட்ல திருத்துவாங்க. கூடவே லாப்டாப்ப உயரத்துல வச்சு தனி கீபோர்டு போடச் சொன்னாங்க, எங்க வீட்ல அதுக்கு என் பழைய பன்னெண்டாவது புக்குங்கதான் உக்காந்திருக்கு, கடைசில அதுவும் உபயோகமாச்சு. அரை மணி நேரத்துக்கு ஒருதடவ எந்திரிக்கணும், நேராவே உக்காந்திருந்தாலும் பத்து மணி நேரம் அசையாம இருந்தா வலிக்கத்தான் செய்யும்னாங்க.

இப்ப கணக்கப் பாருங்க. எல்லாரும் தனியா ஃபிசியோன்னா காஸ்ட்லின்னு ஒதுக்கிருவாங்க, நானும் அதான் நெனச்சேன். முதல் செஷன் 600, அப்புறம் 400 400னு மூணு ஃபாலோ அப், மூணு மாசத்துக்கு மொத்தம் 1800. ஜூம் பேட்ச் அதே மூணு மாசத்துக்கு 3600. தனி ஆளு பாக்குறது பாதிக் காசு! ஏன்னா இவங்களுக்கு தினம் காசு குடுக்கல, பாத்துச் சொல்றதுக்கு மட்டும் குடுக்குறோம், பண்றது நம்ம. ரேட் ஊருக்கு ஊரு மாறும், ஆனா தினமும் வாங்க, 36 செஷன் பேக்கேஜ்ல சேருங்கன்னு ஆன்லைன்ல எவனாவது சொன்னா கூனுக்கு அது தேவையான்னு யோசிங்க.

ஆள் தேர்றதுல ஒரு விஷயம். போஸ்ச்சர் கோச், மூவ்மென்ட் எக்ஸ்பர்ட்னு யார் வேணா பேரு போட்டுக்கலாம். பிபிடின்னா ஃபிசியோதெரபி டிகிரி, நாலு வருஷப் படிப்பு அதுக்கப்புறம் இன்டர்ன்ஷிப், அது படிச்சிருக்காங்களான்னு கேட்டுக்கோங்க, கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சா வேற ஆளப் பாருங்க.

அப்ப ஆன்லைன் ஃபிசியோலயும் குறை இல்லையான்னா இருக்கு. தினம் ஏன் பண்ணலன்னு யாரும் கேக்க மாட்டாங்க, ரெண்டாவது மாசம் நான் பத்து நாள் மட்டம். தொட்டுப் பாக்க முடியாது, எந்த எடத்துல இறுக்கம்னு விரலால அமுக்கிப் பாக்குறதுக்கு ஈடு கிடையாது. நெட்வொர்க் போச்சுன்னா செஷனும் போச்சு. வெயிட் ஏத்த ஆரம்பிச்சா பேண்டு பத்தாது, அந்தக் கட்டத்துல நான் தெருமுனை ஜிம்முக்கே போயிட்டேன், ரோயிங்கும் கேபிள் இழுக்குறதும் வாரம் ரெண்டு நாள். உலக சுகாதார நிறுவனமே 2020ல சொன்ன கணக்கு, பெரியவங்களுக்கு வாரம் 150ல இருந்து 300 நிமிஷம் நடை மாதிரி எக்சர்சைஸ், அதோட குறைஞ்சது ரெண்டு நாள் தசைக்குப் பலம் ஏத்துறது. எனக்கு அந்த ரெண்டு நாள்லயே போஸ்ச்சர் வேலையும் முடிஞ்சிருது, தனி ப்ரோக்ராம்னு ஒண்ணு தேவைப்படல.

முதுக நிமித்துற போஸ்ச்சர் பெல்ட்டு பத்தியும் கேப்பீங்க, வாங்கிருக்கேன். கட்டிருக்குற வரைக்கும் நிமிருது, அவுத்தா பழையபடி. இப்ப அது எங்க வீட்ல அலமாரிக் கதவு திறக்காம கட்டி வைக்க உதவுது.

ஆன்லைன்ல எதுலயுமே சேராம நேரா டாக்டர்ட்ட போக வேண்டியவங்களும் இருக்காங்க. கை மரத்துப் போகுது, பிடி தளருது, கால்ல பலம் குறையுது, ஒண்ணுக்கு போறதுல கன்ட்ரோல் இல்ல, காய்ச்சல், காரணமே இல்லாம எடை குறையுது, இதெல்லாம் வந்தா க்ளாஸ் தேடாதீங்க. இன்னொண்ணு எங்க டீம்லயே நடந்துச்சு. 27 வயசுப் பையன், காலைல எந்திரிச்சா முதுகும் இடுப்பும் ஒரு மணி நேரம் கட்டை மாதிரி இருக்கும், வீடியோ பாத்து ஸ்ட்ரெச் பண்ணா சரியாயிரும், ஞாயித்துக்கிழமை நல்லா ரெஸ்ட் எடுத்தா அதிகமாகும். எக்சர்சைஸ் வேலை செய்யுதுன்னு சந்தோஷமா ஒரு வருஷம் ஓட்டிட்டான். கடைசில ருமட்டாலஜிஸ்ட்ட, அதான் மூட்டு வாத டாக்டர்ட்ட போனா ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ்னு சொன்னாங்க, முதுகெலும்பு மூட்டுங்கள்ல வர்ற அழற்சி நோய். இந்த நோயோட குணமே அதான், அசைஞ்சா குறையும் படுத்தா கூடும், பெரும்பாலும் இளவயசுலதான் ஆரம்பிக்கும், விட்டா முதுகே வளைஞ்சு இறுகிப் போகும். அதனால காலை விறைப்பு அரை மணிக்கு மேல, மூணு மாசத்துக்கு மேல இருந்தா எக்சர்சைஸ்ல குறையுதேன்னு விட்றாதீங்க.

எவ்ளோ நாள்ல மாறும்னா, எனக்கு வலி நாலாவது வாரமே குறைஞ்சிருச்சு, போட்டோல வித்தியாசம் தெரிய மூணு மாசம் கிட்ட ஆச்சு. அதுவும் பெருசா ஒண்ணும் இல்ல, காது தோளுக்கு நேரா வந்துடல, வர்ற வழியில இருக்கு. போன மாசம் அதே டெய்லர்ட்ட போனேன், மறுபடி அளவெடுத்துட்டு பின்பக்கம் போன தடவ முக்கால் இஞ்ச் கூட்டுனேன் இந்தத் தடவ அரை போதும்னாரு. "மு.வ" மட்டும் அப்படியே இருக்கு, அடிக்கல.

இப்ப தங்கச்சி விஷயம். அவ ரூம்ல நாலு பேரு, தரைல ஒருத்தி படுக்குற எடம்தான் காலி, காலை 6 மணிக்கு ஜூம் போட்டா மத்தவளுங்க செருப்ப எடுப்பாளுங்க. அதனால பேட்ச் கேன்சல். அவளுக்கு ஒழுங்கு பிரச்சனையே இல்ல, அலாரம் வச்சா எந்திரிக்கிற ஜாதி, என்ன மாதிரி இல்ல, ஆக ஆள் வச்சு விரட்டக் காசு குடுக்க வேணாம். பாக்குற கண்ணு மட்டும்தான் தேவை. ஆனா சைடுல நின்னு எடுத்த வீடியோவ தெரியாத ஆம்பள ட்ரெய்னருக்கு அனுப்ப மாட்டேன்னுட்டா, நியாயம்தான், நான் இத யோசிக்கவே இல்ல. லேடி ஃபிசியோவா பாத்து, லைவ்ல மட்டும் பாக்கணும், ரெக்கார்ட் பண்ணக் கூடாதுன்னு முன்னாடியே பேசிக்கிட்டு, ரெண்டே ரெண்டு செஷன், நடுவுல மூணு வாரம் இடைவெளி, அதுக்கப்புறம் ஃப்ரீ வீடியோன்னு முடிவாயிருக்கு. சனிக்கிழமை மதியம் ரூம்மேட்டுங்க படத்துக்குப் போற நேரத்துல ஸ்லாட் வாங்கிருக்கா. ஸ்டூல் இல்லையாம், பக்கெட்ட கவுத்து அது மேல சின்ன பக்கெட் ஒண்ண கவுத்து போன வச்சுப் பாத்து போட்டோ அனுப்புனா, இடுப்பு உயரத்துக்கு சரியா வருது, சாயாம இருக்க போனுக்குப் பின்னாடி ஷாம்பூ பாட்டில்.